வதிவிடம் எனும் உரிமை: படைவீரர் குடும்பங்களுக்கான கல்விச் சலுகையும் அதன் பொதுச் செலவும்

கல்வி இலவசம் என்று கூறுமிடத்து அதற்குச் செலவில்லை என்பது பொருளாகாது. கற்பவன் செலுத்தாத கட்டணத்தை வேறொருவர் செலுத்துகின்றார் என்பதே அதன் பொருள். அந்த வேறொருவர் யாவர், எக்காரணம்பற்றி அவர் அச்சுமையை ஏற்கின்றார், அவருடைய சம்மதம் பெறப்பட்டதா என்னும் வினாக்களை எழுப்பும்போது கல்வி வரலாறு, அரசின் வரவுசெலவு வரலாற்றோடும் சமூக நீதியின் வரலாற்றோடும் ஒன்றிவிடுகின்றது.

இவ்வினாக்கள் கூர்மையாக எழும் ஓரிடம், நாட்டின் படைகளிற் பணியாற்றியோர்க்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் உயர்கல்வியில் வழங்கப்படும் சலுகையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இச்சலுகை, எந்த மாநிலத்திற் பயின்றாலும் அம்மாநிலத்து வாசிகளுக்குரிய குறைந்த கட்டணத்திலேயே பயிலும் உரிமையாக வளர்ந்துள்ளது. எமது நாட்டிற் பல்கலைக்கழகக் கட்டணம் 1945 இலேயே ஒழிக்கப்பட்டது. ஆதலின் அத்தகைய சலுகைக்கு இங்கு இடமில்லை என்று மேலோட்டமாக நோக்குவோர் கருதக்கூடும். ஆயினும் இவ்விரு நாடுகளின் ஏற்பாடுகளுக்கும் அடிப்படையாய் அமைந்த கருத்து ஒன்றே. அது வதிவிடம் என்பது. அங்கே வதிவிடம் கட்டணத்தைத் தீர்மானிக்கின்றது; இங்கே மாவட்டம் என்ற பெயரில் அனுமதியைத் தீர்மானிக்கின்றது. கடமையின் பொருட்டு இடம் மாறியவனுடைய வதிவிடம் காக்கப்படவேண்டும் என்று உலகம் ஏற்றுக்கொண்டபின், போரினால் இடம் மாற நேர்ந்த பொதுமகனுடைய வதிவிடத்தை யார் காப்பது என்ற வினா எஞ்சுகின்றது. திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டி போன்ற ஓர் ஊரில் நின்று நோக்குவோர்க்கு இது வெறும் ஏட்டு வினாவன்று.

மாநிலத்தவர் கட்டணத்தின் தோற்றம்

அமெரிக்காவின் பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மாநிலங்களுக்கு உரியவை. 1862 ஆம் ஆண்டின் மொறில் சட்டம் மத்திய அரசின் காணிகளை மாநிலங்களுக்கு அளித்து, அவற்றின் வருவாயைக்கொண்டு விவசாயமும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை அமைக்க வழிசெய்தது. பின்னர் இந்நிறுவனங்களை நாளாந்தம் நடத்தும் பொறுப்பு மாநில வரியிறுப்பாளரைச் சார்ந்தது. தாம் செலுத்திய வரியாற் பேணப்படும் பல்கலைக்கழகத்தில் தம் பிள்ளைகள் குறைந்த கட்டணத்திற் பயிலவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தமை இயல்பே. இவ்வாறு மாநிலத்தவர்க்கு ஒரு கட்டணமும் வெளிமாநிலத்தவர்க்கு அதனினும் உயர்ந்த வேறொரு கட்டணமும் நிலைபெற்றன.

இம்முறை, மாநிலத்தவர் யாவர் என்ற சிக்கலைத் தோற்றுவித்தது. கொனெக்ரிகட் மாநிலம், விண்ணப்பிக்கும் வேளையில் வெளிமாநில முகவரி உடையவராயிருந்த மாணவரைக் கல்விக்காலம் முழுவதும் வெளிமாநிலத்தவராகவே கொள்ள விதித்தது. அவர் பின்னர் அம்மாநிலத்தில் நிலையாகக் குடியமர்ந்தாலும் அதனை நிரூபிக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. இவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என 1973 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் விலாண்டிஸ் எதிர் கிளைன் என்னும் வழக்கிற் தீர்த்தது. வதிவிடத்தைக் கேட்க மாநிலத்துக்கு உரிமையுண்டு; ஆயின் மெய்யான வதிவிடத்தை நிரூபிக்கும் வாயிலை அடைத்துவிட அதற்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பின் சாரம். இக்கொள்கை பின்னர் எமக்குப் பயன்படும்.

படைவீரனின் குடும்பமோ எம்மாநிலத்தையும் முழுமையாகத் தன்னுடையதெனச் சொல்லமுடியாத குடும்பம். ஆணை வந்தவிடத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவதே அதன் வாழ்க்கை. பிள்ளை பல்கலைக்கழக வயதை அடையும்போது அவன் பிறந்த மாநிலத்தில் அவனுக்கு வீடில்லை. வாழும் மாநிலத்தில் அவனுக்குப் போதிய ஆண்டுகள் இல்லை. நாட்டின் கட்டளையை ஏற்றமையால் நேர்ந்த இவ்விழப்பை நாடே ஈடுசெய்தல் வேண்டும் என்ற வாதம் வலுவுடையது.

ஈடு செய்தவர் யாவர்?

இரண்டாம் உலகப்போர் முடிவுறுமுன் 1944 ஜூன் 22 ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் இத்துறையில் ஒரு திருப்புமுனை. திரும்பிவந்த வீரரின் கல்விக் கட்டணமாக ஆண்டொன்றுக்கு 500 டொலர் வரையிலும், அதனோடு வாழ்க்கைப்படியும் மத்திய அரசு அளித்தது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் இச்சட்டத்தின் துணையுடன் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றனர். தொழிற்பயிற்சி முதலியவற்றையும் சேர்த்தால் பயன் பெற்றோர் தொகை 78 இலட்சமளவினது. இங்கு செலவு யாருடையது என்பதில் மயக்கமில்லை. போருக்கு அனுப்பிய மத்திய அரசே மீண்டுவந்தோரின் கல்விக்கும் பணம் கொடுத்தது. ஆயின் பயன் யாவரையும் ஒரே அளவிற் சென்றடையவில்லை. தென்மாநிலங்களில் நிறவேற்றுமை நிலவிய அந்நாளில், அதே போரிற் பணியாற்றிய கறுப்பின வீரருக்குப் பல கல்லூரிகளின் கதவுகள் மூடியே கிடந்தன. சட்டத்திற் பொதுவாக எழுதப்பட்ட உரிமை, நடைமுறையில் இடத்தாலும் இனத்தாலும் வரையறுக்கப்பட்டதற்கு இது சான்றாகும்.

2008 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், வீரர் தாம் பயன்படுத்தாத கல்வி உதவியைச் சில நிபந்தனைகளுக்கமைய மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக்கொடுக்க இடமளித்தது. அதே ஆண்டின் வேறொரு சட்டம், ஒரு மாநிலத்தில் முப்பது நாள்களுக்கு மேலாக நிலைகொண்ட படைவீரரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் மாநிலத்தவர் கட்டணமே பெறப்படவேண்டும் என்றது. ஆயினும் பணியிலிருந்து விலகியோர் நிலை வேறாயிருந்தது. 2011 முதல் மத்திய அரசு பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலத்தவர் கட்டணத்தின் அளவே கொடுத்தது. வெளிமாநிலத்தவராகக் கணிக்கப்பட்ட வீரர் எஞ்சிய தொகையைத் தாமே தேடவேண்டியிருந்தது. 2014 ஓகஸ்டில் நிறைவேறிய சட்டத்தின் 702 ஆம் பிரிவு இக்குறையை நீக்கியது. பணி விலகி மூன்றாண்டுக்குட்பட்ட வீரரிடமும், உதவி மாற்றிக்கொடுக்கப்பட்ட குடும்பத்தாரிடமும், அவர்கள் அம்மாநிலத்தில் வசிப்பின், மாநிலத்தவர் கட்டணத்துக்கு மேற் பெறலாகாது; மீறும் நிறுவனம் படைவீரர் கல்வி உதவித் திட்டத்தில் இடம்பெறும் தகுதியை இழக்கும் என்று அது விதித்தது. மூன்றாண்டு வரம்பும் 2021 இல் நீக்கப்பட்டது.

இதன் நியாயத்தை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் செலவு எங்கே சென்றது என்பதை நோக்குதல் வேண்டும். இரு கட்டணங்களுக்கும் இடைப்பட்ட தொகையை மத்திய அரசு கொடுக்கவில்லை. அதனைப் பெறும் உரிமையையே பல்கலைக்கழகங்களிடமிருந்து நீக்கியது. இழந்த வருவாயை மாநிலம் நிரப்பலாம். நிரப்பாவிடிற் பல்கலைக்கழகம் ஏனைய மாணவரின் கட்டணத்தை உயர்த்தலாம், அல்லது விரிவுரையாளர் நியமனத்தையும் நூலகத்தையும் சுருக்கலாம். 1944 இல் மத்திய திறைசேரியின் ஏட்டில் வெளிப்படையாக எழுதப்பட்ட செலவு, 2014 இல் எவரும் படிக்காத பல ஏடுகளிற் சிதறிப்போயிற்று.

டெக்சாஸ் மாநிலத்தின் ஹேசில்வூட் சட்டம் இதனை மேலும் தெளிவாக்கும். அச்சட்டம் தகுதியுடைய வீரருக்கு 150 பாடநேர அலகுகள் வரை கட்டணமின்றிப் பயிலும் உரிமை அளிக்கின்றது. 2009 இல் அவ்வுரிமையைப் பிள்ளைக்கு மாற்றிக்கொடுக்கவும் வகைசெய்யப்பட்டது. விலக்களிக்கப்பட்ட கட்டணத்தின் பெறுமதி 2014 ஆம் நிதியாண்டில் 16 கோடி டொலரைக் கடந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் இருந்ததினும் இது ஏறத்தாழ ஏழு மடங்கு. சட்டத்தை இயற்றிய மன்றம் இத்தொகையில் ஒரு சிறு பகுதியையே பல்கலைக்கழகங்களுக்கு ஈடாக அளித்தது. 2015 இற் சலுகையைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சியும் படைவீரர் அமைப்புகளின் எதிர்ப்பினாற் கைகூடவில்லை. படையிற் சேர்ந்த வேளையில் டெக்சாஸ்வாசியாக இருந்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை 2015 இல் ஒரு நீதிமன்றம் செல்லாதென்றது. 2016 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மீண்டும் செல்லுபடியாக்கியது. சலுகையின் செலவு பெருகுந்தோறும், வதிவிடம் என்னும் வாயிலைக் குறுக்கும் விருப்பமும் பெருகுவதை இதிற் காண்கின்றோம்.

கட்டணம் ஒழிந்த நாட்டில் வதிவிடம்

இனி எமது நாட்டை நோக்குவோம். 1940 இல் அமைக்கப்பட்ட விசேட கல்விக் குழு, கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் 1943 இற் தனது அறிக்கையை வெளியிட்டது. அதன் விளைவாக 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்திற்குச் செல்வோரிடையே கட்டணத்தால் உண்டான வேற்றுமை இதனால் மறைந்தது.

கட்டணம் மறைந்தபோது பற்றாக்குறை மறையவில்லை. முன்பு பணத்தால் அளக்கப்பட்ட பல்கலைக்கழக வாய்ப்பு பின்பு இடங்களால் அளக்கப்படலாயிற்று. அண்மைக் காலத்திலும் க.பொ.த. உயர்தரத் தேர்வில் அனுமதிக்குத் தகுதிபெறுவோருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. கல்விக்கான அரசின் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமளவிலேயே நின்றமையும், அதனை 6 சதவீதமாக்கக் கோரி 2012 இற் பல்கலைக்கழக ஆசிரியர் நீண்ட வேலைநிறுத்தம் செய்தமையும் நினைவுகூரத்தக்கன. ஆகவே இங்கு ஒருவருக்கு வழங்கும் சலுகையின் விலை, இன்னொருவர் இழக்கும் ஆசனம் ஆகும். அமெரிக்க மாணவன் சில ஆயிரம் டொலரைக் கூடுதலாகச் செலுத்தி அவ்விலையைத் தாங்குவான். எமது மாணவனுக்கோ பணத்தால் மீட்கவியலாத ஓர் ஆண்டும் ஒரு தொழில் வாழ்வும் அவ்விலையாகின்றன.

இவ்வாசனங்களைப் பகிரும் முறையின் வரலாறு தமிழ் மாணவர் நன்கறிந்தது. 1971 அனுமதியின்போது மொழிவாரியாக வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 1973 இற் தரப்படுத்தலும் 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுந்தன. இவற்றால் யாழ்ப்பாண மாவட்டத்து விஞ்ஞானத்துறை மாணவர் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அதனால் எழுந்த கசப்பு பின்வந்த அரசியலை எவ்வாறு உருவாக்கிற்று என்பது பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆயின் அவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. மாவட்ட ஒதுக்கீடு திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா ஆகிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்கு முன்னர் எட்டாதிருந்த சில இடங்களை எட்டச் செய்தது. ஒரே மொழி பேசுவோரிடையே ஒரு மாவட்டத்தார் இழந்ததும் இன்னொரு மாவட்டத்தார் பெற்றதும் உண்மை.

1979 இல் 30 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 15 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டது. இன்று அவை முறையே 40, 55, 5 சதவீதங்களாக உள்ளன. பின்தங்கியனவாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. கலைப்பீட அனுமதி அகில இலங்கைத் திறமை அடிப்படையிலேயே நிகழ்வதால் எம்மனோர்க்கு இவ்விகிதம் நேரே பொருந்துவதில்லை. மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற துறைகளை நாடுவோர்க்கே இது வாழ்வா தாழ்வா என்னும் வினா.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு துறையில் 1,000 இடங்கள் உள்ளன என்போம். அவற்றுள் 550 மாவட்டப் பங்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சம். திருகோணமலை மாவட்டத்தினது ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். எனவே மாவட்டப் பங்கில் எமக்கு உரியன ஏறக்குறைய 10 இடங்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடங்களையும் 16 மாவட்டங்களும் சனத்தொகைப்படி பகிர்ந்தால் மேலும் 2 கிடைக்கும். ஆக, ஆயிரத்திற் பன்னிரண்டு. இப்பன்னிரண்டில் ஓரிடம் உரியவரல்லாதவரிடம் சென்றால், மாவட்டத்தின் பங்கில் எட்டுச் சதவீதம் போயிற்று. மாவட்ட வதிவிடத்தைக் கணிப்பதில், தேர்வுக்கு முந்திய மூன்றாண்டுகளில் மாணவர் எம்மாவட்டத்துப் பாடசாலையிற் பயின்றார் என்பது முதன்மையாக நோக்கப்படுவதன் காரணம் இதுவே. வசதிமிக்க மாவட்டங்களிலிருந்து தேர்வுக்காக மட்டும் பின்தங்கிய மாவட்டங்களுக்கு வருவோரைத் தடுக்க அவ்விதி வேண்டியதாயிற்று.

இலங்கையிற் படையினருக்கான வழிகள்

கட்டணமில்லாத நாட்டிற் படைவீரருக்குக் கட்டணச் சலுகை அளிக்கவியலாது. ஆகவே இங்கு சலுகை வேறு வழிகளிற் சென்றது. 1981 இற் சட்டத்தால் நிறுவப்பட்ட சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புக் கல்விக்கழகம், பின்னர் பட்டமளிக்கும் உரிமைபெற்று, 2007 முதற் பல்கலைக்கழகமென்ற பெயரைத் தாங்கியது. முப்படையின் பயிலுநர் அதிகாரிகள் அங்கு அரசின் செலவிற் பயில்கின்றனர். அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழன்றிப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் அமைந்தமையால், அதற்கான செலவு உயர்கல்விச் செலவோடு ஒப்பிடப்படுவது அரிது. கட்டணம் செலுத்தும் பொது மாணவரும் பிற்காலத்தில் அங்கு சேர்க்கப்பட்டனர். அந்நிறுவனத்தின் அதிகாரத்தை விரிக்க முற்பட்ட சட்டமூலத்திற்கு எதிராக 2021 இல் மாணவரும் ஆசிரியரும் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தமை அண்மைய வரலாறு. 1999 ஆம் ஆண்டின் ரணவிரு சேவா அதிகார சபைச் சட்டம் வீழ்ந்த வீரரின் குடும்பங்களையும் ஊனமுற்ற வீரரையும் பேண ஒரு நிறுவனத்தை அமைத்தது. படையினரின் பிள்ளைகளுக்கெனப் பாதுகாப்புச் சேவைகள் பாடசாலைகள் எழுந்தன.

இவற்றை மனக்கசப்பின்றி நோக்குதல் ஆய்வாளர் கடன். சாதாரண படைவீரருட் பெரும்பாலோர் வறிய கிராமப்புறக் குடும்பங்களிலிருந்து வந்தோர். தந்தையை இழந்த பிள்ளை எந்த மொழி பேசினும் தந்தையை இழந்த பிள்ளையே. அத்தகைய பிள்ளைக்கு அரசு உதவுதல் தவறன்று. அவ்வுதவியின் அளவு பொதுமக்கள் அறியுமாறு எழுதப்பட்டுள்ளதா, அவ்வுதவிக்கு அடிப்படையான நியாயம் அதே துன்பத்தை அடைந்த பிறருக்கும் விரிகின்றதா என்பனவே எமது வினாக்கள்.

முதல் வினாவுக்குத் தமிழ்நாட்டின் நடைமுறை ஒரு குறிப்பைத் தருகின்றது. அங்கு பொறியியற் கலந்தாய்வில் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கென 150 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அம்முறையிலும் குறைகள் இருத்தல்கூடும். எனினும் அத்தொகை ஆண்டுதோறும் அச்சிடப்படுகின்றது. எத்தனை இடங்கள், யாருக்கு, எத்தகுதியில் என்பதை விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிவர். அறிந்தமையால் அதனை ஏற்கவோ மறுக்கவோ பொதுமக்களால் இயல்கின்றது.

கிளிவெட்டியிலிருந்து நோக்குமிடத்து

இரண்டாம் வினாவே கடினமானது. கிளிவெட்டி, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பிரதேசத்தில், திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் அமைந்த நெல்விளையும் ஊர். 1985 இலும் 1990 இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது அவ்வூரார் வீடுவாசலை விட்டு ஓடநேர்ந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணையின் கதவு மூடப்பட்டதோடு மூண்ட போர், மூவின விவசாயிகளின் வயலையும் வாட்டிப் பின்னர் மூதூர்ப் பிரதேசம் முழுவதையும் சூழ்ந்தது. மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினர். சம்பூர், மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் வாகரை வழியே மட்டக்களப்பு மாவட்டத்தை அடைந்தனர். சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றனர்.

2007 இல் மட்டக்களப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டோர் தம் ஊருக்குச் செல்லவியலவில்லை. சம்பூரை உள்ளடக்கிய பகுதி அவ்வாண்டு உயர்பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எனவே கிளிவெட்டியில் அமைந்த இடைத்தங்கல் முகாம் அவர்களிற் பலருக்கு இருப்பிடமாயிற்று. இடைத்தங்கல் என்ற சொல் சில வாரங்களைக் குறிப்பது. அங்கு அது ஆண்டுகளாக நீண்டது. 2015 இல் 818 ஏக்கர் காணியும், 2016 இற் கடற்படை முகாம் இருந்த காணியும் விடுவிக்கப்பட்ட பின்னரே சம்பூர் மக்கள் முழுமையாகத் திரும்பும் வழி பிறந்தது. 2007 இல் முகாமிலிருந்து முதலாம் ஆண்டிற் சேர்ந்த பிள்ளை 2016 இற் பத்தாம் ஆண்டில் இருந்திருக்கும். அதன் பள்ளிப்பருவம் பெரும்பாலும் தகரக் கூரையின் கீழேயே கழிந்தது.

இத்தகைய பிள்ளைக்கு வதிவிடம் எது? மாவட்டத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்க்கு மாவட்டப் பங்கு தப்பிற்று. மட்டக்களப்பிலோ, கொழும்பிலோ உறவினர் வீட்டிலிருந்து உயர்தரம் கற்றவர்க்கு மூன்றாண்டுப் பாடசாலைக் கணக்கு வேறு மாவட்டத்தைக் காட்டும். கொழும்பு பின்தங்கிய மாவட்டமன்று. அங்குள்ள வெட்டுப்புள்ளியோடு முகாமிலிருந்து வந்த பிள்ளை போட்டியிட நேரும். நிலையான வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் பாடசாலை விடுகைப் பத்திரமும் வேண்டும். இவை யாவும் ஓடும்போது முதலில் தொலையும் பொருள்கள். படைவீரன் எங்கு மாற்றப்பட்டாலும் அவனது பெயரும் ஊரும் படைப்பிரிவின் பதிவேட்டில் இருக்கும். அதிகாரியின் ஒரு கடிதம் அவற்றை உறுதிசெய்யும். இடம்பெயர்ந்தவனுக்கு அத்தகைய பதிவேடு இல்லை.

சிக்கல் திருகோணமலைக்கு மட்டும் உரியதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்திற் தஞ்சம் புகுந்தனர். புத்தளமும் பின்தங்கிய மாவட்டமே. அகதிகளாக வந்தோரின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் அதே சில பல்கலைக்கழக இடங்களை நாடியபோது, விருந்தளித்தோர்க்கும் வந்தோர்க்கும் இடையே அது மனத்தாங்கலுக்குரிய ஒரு பொருளாயிற்று. வந்தோரின் கல்விச் செலவை, அவர்களை வெளியேற்றிய போரோ நாட்டின் பொதுத் திறைசேரியோ தாங்காது, அவர்களுக்கு இடங்கொடுத்த ஏழை மாவட்டமே தாங்கிற்று. டெக்சாஸில் மாநிலம் விதித்த சலுகையின் செலவைப் பல்கலைக்கழகங்கள் தாங்கியதற்கு இது பெரிதும் ஒப்பாகும்.

சனத்தொகைக் கணக்கிலும் இதே குறைபாடு உண்டு. மாவட்டப் பங்கு தலைகளை எண்ணிக் கொடுக்கப்படுவது. 1991 இற் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் நடந்த கணக்கெடுப்பு வடக்குக் கிழக்கின் பெரும்பகுதியில் முழுமையடையவில்லை. 1981 க்குப் பின் திருகோணமலை முழுமையாக எண்ணப்பட்டது 2012 இலேயே. அதற்குள் வெளியேறியோர் எண்ணிக்கையில் இடம்பெறவில்லை. ஊரைவிட்டு ஓடியவர், தாம் இழந்த வீட்டோடு தம் மாவட்டத்துப் பிள்ளைகளின் ஆசனத்தில் ஒரு துளியையும் இழந்தார் என்றே கொள்ளவேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு கொள்கைகள் தெளிவாகின்றன. விருப்பின்றி நேர்ந்த இடமாற்றம் ஒருவருடைய வதிவிட உரிமையைக் குலைத்தலாகாது என்பது முதலாவது. அமெரிக்கச் சட்டம் இதனைப் படைவீரர் குடும்பத்துக்கு ஏற்றது. ஆயின் அதன் நியாயம் சீருடையிலிருந்து பிறப்பதன்று. தன் செயலன்றிப் பிறர் ஆணையால் இடம் மாறினான் என்பதிலிருந்து பிறப்பது. அந்நியாயம் பீரங்கிச் சத்தம் கேட்டு ஓடியவனுக்கும் குறைவின்றிப் பொருந்தும். இதனை எமது சட்டவாக்க மன்றமும் அறியாததன்று. இடம்பெயர்ந்தோர் தம் முன்னைய முகவரியிலேயே வாக்காளராகப் பதிவுபெற 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் வகைசெய்தது. வாக்குக்கு ஊரைக் காத்துவைக்க முடியுமெனின், கல்விக்கும் காத்துவைக்க முடியும். ஒவ்வோராண்டும் இரந்து பெறும் நிருவாகத் தளர்வாக அன்றி, இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் சொந்த மாவட்டத்தையோ பயின்ற மாவட்டத்தையோ தெரிவுசெய்யும் எழுதப்பட்ட உரிமையாக அது அமைதல் வேண்டும். சான்றுப் பத்திரங்கள் தொலைந்தவிடத்து வேறு சான்றுகளால் நிரூபிக்கும் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும்.

சலுகையை வழங்குவோரே அதன் செலவையும் ஏற்றல் வேண்டும் என்பது இரண்டாவது. படைவீரர் குடும்பத்துக்காயினும் இடம்பெயர்ந்தோர்க்காயினும் அளிக்கும் இடங்கள், ஏழை மாவட்டமொன்றின் பன்னிரண்டு இடங்களிலிருந்து கிள்ளி எடுக்கப்படாது, அவற்றுக்கு மேலதிகமாக உருவாக்கப்பட்டு, அவற்றுக்கான விரிவுரையாளர், விடுதி, ஆய்வுகூடச் செலவு திறைசேரியின் கணக்கில் ஆண்டுதோறும் அச்சிடப்படல் வேண்டும். அப்போதுதான் போரின் செலவு எவ்வளவு என்பதை நாடு அறியும். துப்பாக்கிக்கும் குண்டுக்கும் ஆன செலவைப் போர் முடிந்த நாளோடு மூடிவிடலாம். முகாமில் வளர்ந்த பிள்ளையின் கல்விக்கும், தந்தையை இழந்த படைவீரன் பிள்ளையின் கல்விக்கும் ஆகும் செலவு அதன்பின்னும் ஒரு தலைமுறை தொடரும்.

மாவிலாற்று நீர் இன்று மீண்டும் வயல்களுக்குப் பாய்கின்றது. சம்பூரில் வீடுகள் எழுந்துள்ளன. 2007 இல் முகாமில் ஏடு தொடங்கிய பிள்ளைகள் பல்கலைக்கழக வயதையும் எட்டிக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அந்தப் பன்னிரண்டு இடங்களுக்குள் வந்தனர், எத்தனை பேர் சான்றுப் பத்திரமொன்றின் குறையால் வெளியே நின்றனர் என்பதைக் கணக்கிட்டு எழுதுவது, எமது மாவட்டத்து மாணவர் மேற்கொள்ள வேண்டிய அடுத்த ஆய்வாகும்.